பத்து வீதச் சகலன்

ஸஜாதின் கனடாக் கதையை வீட்டு வளவுக்கு வெளியே யாரும் மூச்சு விடக் கூடாது என்று ஆமினா உம்மா சட்டம் போட்டிருந்தார். ஊர்க்கண் பொல்லாதது. காரியம் முடியுமுன் கண்ணூறு பட்டுவிடும். அதற்காக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து, இளைய மருமகனின் தலையை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் நெடி அடித்தால் ஆளுக்கு ஒன்றுமில்லை. நெடி வராவிட்டால் யாரோ கண் வைத்திருக்கிறார்கள். மூன்று வாரமாக நெடி வரவே இல்லை.

"ஆர்ர கண்ணோ தெரியா," என்றார் மூத்த மருமகன் றிஸ்கானைப் பார்த்து. "நீங்க ஆரிட்டயும் கதைச்சிரல்லயே மருமகன்?"

"சே, நான் ஏன் மாமி கதைக்கிற."

அது உண்மைதான். றிஸ்கான் யாரிடமும் கதைக்கவில்லை. எல்லாவற்றையும் மனதுக்குள்ளேயே வைத்திருந்தான். அடுப்புக்கு அதுதான் தெரிந்திருந்தது.

றிஸ்கானும் ஸஜாதும் அக்கா தங்கையைக் கட்டிய சகலன்மார். கல்முனைப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டுக்குக் கூட்டி வருவார்கள். ஆகவே முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள், ஆமினா உம்மாவின் கணவரான வயற்காரர் அபூசாலிப் போடியாரின் பெண்மக்களைக் கட்டிய ஒரே காரணத்தால், ஒரே மதிலுக்குள் ஒருவர் காயப்போட்ட சாரத்தை மற்றவர் பார்த்துக்கொண்டு ஆயுள் முழுக்க வாழவேண்டியதாயிற்று. மூத்தவள் ஸகியாவின் வீடு முதலில் கட்டியது. இளையவள் பஹ்மிதாவின் வீடு ஆறு வருஷம் கழித்து, முதல் வீட்டில் விட்ட பிழைகளையெல்லாம் திருத்திக் கட்டியது. தரைக்கு டைல்ஸ், கூரைக்குள் சீலிங் தட்டு, குளியலறைக்கு வெந்நீர். பழைய வீட்டுக்காரனான றிஸ்கான் இதற்கெல்லாம் ஒரு சொல் சொன்னவனில்லை. ஏனென்றால் அவனிடம் ஒன்று இருந்தது. மீன்தலை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லோரும் மாமி வீட்டில் சாப்பிடுவார்கள். கொடுவா மீன் தலை மூத்த மருமகனின் சோற்றுக் கோப்பைக்குத்தான் போகும். பன்னிரண்டு வருஷமாக அது மாறவில்லை. அரசாங்கம் நாலு தரம் மாறியது, மீன்தலை மாறவில்லை.

ஸஜாத் கல்முனை பஸாரில் போன் திருத்துகிறவன். வயல் வேலை என்றால் அவனுக்குக் காய்ச்சல் வரும். சம்மாந்துறைப் பக்கத்து வயல் வட்டையில் போடியார் இரண்டு பெண்மக்களுக்கும் இரண்டு இரண்டு ஏக்கர் கொடுத்திருந்தார். வாய்க்காலில் முதலில் வருவது ஸகியாவின் காணி. கடைசியில் கிடப்பது பஹ்மிதாவினது. மழையில்லாத சிறுபோகத்தில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். தன் முறை வந்ததா, நடுவில் யாரும் மறித்தார்களா என்று பார்க்க ஆள் வரம்பில் காத்துக் கிடக்க வேண்டும். காத்துக் கிடக்கப் பஞ்சிப்பட்ட ஸஜாத், பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஐந்தில் சின்னச் சூரியத் தகடும் சிம் அட்டையும் பூட்டி, வாய்க்கால் நெடுக நட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டான். தண்ணீர் ஒவ்வொரு தடியையும் தொடத் தொட அவனுடைய போனில் ஒவ்வொரு பச்சைப் புள்ளி எரிந்தது. வரம்பை வெட்டித் தண்ணீர் விடும் வாயின் பெயரையே கம்பனிக்கும் வைத்தான்: 'வக்கடை'.

சோம்பேறித்தனம் இத்தோடு நின்றிருந்தால் றிஸ்கான் மன்னித்திருப்பான். ஆனால் கனடாவில் புதுக் கம்பனிகளை வளர்த்துவிடுகிற நிறுவனம் ஒன்று இதைப் பார்த்துவிட்டு, நேர்முகம் வைக்கிறோம் என்று எழுதியிருந்தது. அவர்கள் ஆதரவுக் கடிதம் கொடுத்தால், மற்றத் தகுதிகளும் சரிவந்தால், பெண்டாட்டி பிள்ளையோடு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

றிஸ்கான் அரச அலுவலகமொன்றில் எழுதுநன். இந்த விசாவின் விதிகள் அத்தனையையும் அலுவலகக் கணினியில், அலுவலக நேரத்தில், ஸஜாதை விடத் திருத்தமாகப் படித்து முடித்திருந்தான். இரண்டு விதி அவன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஒன்று, வதிவிடம் கிடைத்த பிறகு கம்பனி விழுந்தாலும் வதிவிடம் விழாது. 'விழுந்தாலும் எழும்பி நிக்கிற யாவாரம் இது ஒண்டுதான்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். மற்றது, ஒரு கம்பனியில் ஐந்து பேர்வரை பங்காளியாகச் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். ஆளுக்குக் குறைந்தது பத்து வீத வாக்குரிமை இருக்கவேண்டும்.

ஐந்து பேர். ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஐந்து பேர் இருந்து சாப்பிடலாம். ஸஜாதோ தன்னந்தனியாகச் சஹன் முன்னால் சப்பணம் கட்டி இருக்கிறான். பக்கத்து வீட்டில் ஆங்கிலத்தில் ஏ எடுத்த மனிதன் ஒருவன் கை கழுவிவிட்டு நிற்கிறான், வாங்க மச்சான் என்று ஒரு சொல் இல்லை. தானாகப் போய்க் கேட்க மூத்த மருமகனுக்கு நாக்கு எழும்பவில்லை. ஆகவே ஸஜாதைக் காணும்போதெல்லாம் கனடாவைக் குறை சொன்னான்.

"அங்க குளிருக்குக் காது உடைஞ்சு விழுமாம், ஸஜாத்."

"ஓம் மச்சான், தொப்பி போடோணும்."

"வேல இல்லாம நம்மட ஆக்கள் ரோட்டுல நிக்கிறாங்களாம்."

"ஓம் மச்சான், கேள்விப்பட்டன்."

எதற்கும் ஓம் சொல்லுகிறவனோடு எப்படித்தான் சண்டை பிடிப்பது?

வீட்டுக்குள்ளும் நிம்மதி இல்லை. "இஞ்ச பாருங்க, பஹ்மிதா குளிர்ச் சட்ட பாக்கிறாள்," என்றாள் ஸகியா.

"இந்த வெக்கையிலயா?"

"போன்ல பாக்கிறாள். நீங்களும் ஏதாச்சும் கண்டுபுடிச்சா என்ன?"

"நான் பைல் பாக்கிற மனிசன். என்னத்தக் கண்டுபுடிக்கிற?"

"ஒங்கட ஒபீசில பைலக் கண்டுபுடிச்சாலே காணும் எண்டு சனம் செல்லுது."

நேர்முகத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை அது நடந்தது. ஆமினா உம்மா சட்டியைத் திறந்தார். கொடுவாத் தலை அகப்பையில் ஏறியது. றிஸ்கான் வழக்கம்போல் சோற்றின் நடுவில் பள்ளம் செய்து வைத்திருந்தான். அகப்பை அவனுடைய கோப்பையைத் தாண்டிப் போய் ஸஜாதின் கோப்பையில் இறங்கியது.

"கனடாவுல இது கிடைக்காது. புள்ள தின்னட்டும்," என்றார் ஆமினா உம்மா.

"மச்சானுக்கு வைங்க மாமி," என்று ஸஜாத் கோப்பையைத் தள்ளினான்.

"சே சே, நீ தின்னு," என்றான் றிஸ்கான். அவனுக்கு வால்துண்டு வந்தது. வால்துண்டில் முள் குறைவு என்று ஸகியா சமாதானம் சொன்னாள். அந்தப் பள்ளத்தில் அவன் பருப்பாணக் குழம்பை ஊற்றி மூடினான்.

நேர்முகம் அடுத்த வியாழக்கிழமை. அவர்களுக்குக் காலை எட்டு மணி, நமக்குப் பின்னேரம் ஐந்தரை. அன்றைக்கு முறைத்தண்ணீரும் ஸஜாதின் காணிக்குத்தான். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானை சின்னப்போடியர் ஐந்தேகாலுக்கு மதகைத் திறப்பார். கனடாக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்து பச்சைப் புள்ளியும் ஒவ்வொன்றாக எரியும். திட்டம் அவ்வளவுதான்.

றிஸ்கானின் திட்டம் அதைவிடச் சுருக்கம். மூன்றரைக்குக் குறுகிய லீவு போட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு வட்டைக்குப் போனான். தன் காணி எல்லையில், இரண்டாம் தடிக்கும் மூன்றாம் தடிக்கும் நடுவில், காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு இறங்கி, உரப் பைகளில் சேறு நிரப்பி வாய்க்காலுக்குக் குறுக்கே அடுக்கினான். மேலே மண்வெட்டியால் சேறு அப்பினான். முதுகு முறிந்தது. கல்யாணம் முடித்துப் பன்னிரண்டு வருஷத்தில் சீதனக் காணியில் அவன் தன் கையால் செய்த முதல் வேலை இதுதான். அணை கொஞ்சம் கோணல், ஆனாலும் நின்றது. தள்ளி நின்று பார்த்தபோது ஒரு சின்னப் பெருமை வந்ததையும் மறைப்பதற்கில்லை.

கால் கழுவி, ஐந்தரைக்கு ஐந்து நிமிஷம் இருக்க ஸஜாதின் டைல்ஸ் தரையில் கால் வைத்தான். மடிக்கணினியின் முன் ஸஜாத் கழுத்துப்பட்டியோடு இருந்தான். கமராவுக்குத் தெரியாத பக்கத்தில் போடியார், ஆமினா உம்மா, ஸகியா, பஹ்மிதா எல்லோரும் வரிசையாக. றிஸ்கான் சோபாவில் நல்ல இடமாகப் பார்த்து அமர்ந்தான். நாடகத்துக்கு ரிக்கட் எடுத்தவனே அவன்தான்.

திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கோப்பி குடித்துக்கொண்டு சிரித்தார். ஸஜாத் தன்னை அறிமுகம் செய்தான். அவனுடைய ஆங்கிலம் கார்பரேட்டருக்குள் தண்ணீர் போன பைக்கைப்போல விட்டு விட்டு ஓடியது.

முதலாம் புள்ளி எரிந்தது.

"மாஷா அல்லாஹ்," என்றார் ஆமினா உம்மா.

இரண்டாம் புள்ளி எரிந்தது. எல்லோரும் மாஷா அல்லாஹ் சொன்னார்கள். றிஸ்கானும் சொன்னான், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாக.

மூன்றாம் புள்ளி எரியவில்லை.

ஒரு நிமிஷம் போனது. மூன்று நிமிஷம் போனது. ஸஜாத் கல்முனையின் காலநிலையைப் பற்றிக் கதைத்தான். பிறகு கனடாவின் காலநிலையைப் பற்றிக் கேட்டான். அவனுடைய காதோரத்தில் வேர்வை இறங்கியது. பஹ்மிதாவின் உதடு ஓதிக்கொண்டே இருந்தது. இவ்வளவு நாளும் காத்திருந்த சந்தோஷம் இப்போது வரவேண்டும் என்று றிஸ்கான் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அது வந்தது, ஒரு டொபி இனிப்பு அளவுக்கு.

அப்போதுதான் போன்கள் கத்தின. ஸஜாதின் போன், போடியாரின் போன், ஸகியாவின் போன், கடைசியாக றிஸ்கானின் சட்டைப் பையில் அவனுடைய போன். காணிக்காரர் எல்லோருடைய நம்பரையும் ஸஜாத் அதில் பதிந்து வைத்திருந்தான். எடுத்துப் பார்த்தான்.

'வக்கடை அறிவித்தல். இரண்டாம் தடியில் தண்ணீர் ஏறுகிறது, மூன்றாம் தடிக்கு வரவில்லை. நடுவில் மறிக்கப்பட்டுள்ளது. காணி: றிஸ்கான். தயவுசெய்து கவனிக்கவும்.'

திரையிலும் இரண்டாம் புள்ளிக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு விழுந்து, பக்கத்தில் அவனுடைய பெயர் ஆங்கில எழுத்தில் மின்னி மின்னி எரிந்தது. கனடாவில் அவன் பெயர் முதன்முதலாகத் தெரிந்தது இப்படித்தான்.

போடியாரின் போனுக்கு வட்டவிதானையின் அழைப்பு வந்தது. அவருக்குக் காது மந்தம், எப்போதும் சத்தமாகப் போட்டுத்தான் கேட்பார்.

"போடியார்! ஒங்கட மூத்த மருமகன்ட எல்லையில ஆரோ ஒரு நாய் வாய்க்கால மறிச்சிரிக்கான். சேத்துப் பை வெச்சு! கையில கிடைச்சா முறிச்சிப்போடுவன்!"

"அல்லாஹ்வே," என்று ஆமினா உம்மா நெஞ்சில் கை வைத்தார். "அந்தக் கண்ணுக்காரன்தான்! மிளகா நெடி வராதப்பவே நான் நினைச்சன்!"

ஸஜாத் திரும்பினான். முதலில் றிஸ்கானின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவனுடைய கால்களைப் பார்த்தான். றிஸ்கானும் குனிந்து பார்த்தான். முன்பக்கம் நன்றாகக் கழுவியிருந்தான். குதிக்காலின் பின்பக்கம் சேறு காய்ந்து, வெள்ளை டைல்ஸில் வாசலிலிருந்து சோபாவரை புள்ளி புள்ளியாக வந்திருந்தது. மூன்றாம் புள்ளியும் இருந்தது, நாலாம் ஐந்தாம் புள்ளிகளும் இருந்தன.

என்ன நடக்கிறது என்று திரையில் இருந்த பெண் கேட்டார்.

ஸஜாத் கமராவின் பக்கம் திரும்பினான். "இது எங்கட சோதனை, மேடம்," என்றான் தன் ஆங்கிலத்தில். "தண்ணி ஒழுங்கா வந்தா எல்லாம் பச்சை. அது லேசு. களவா மறிச்சாத்தான் எங்கட சாமான் வேல செய்யுதா எண்டு தெரியும். அதுதான் என்ட மச்சான் போய் மறிச்சவர். மச்சான், இஞ்சால வாங்க. நீங்க செஞ்சதச் செல்லுங்க."

றிஸ்கான் எழுந்து போய்க் கமராவின் முன் நின்றான். வேறு என்ன செய்ய? வாயைத் திறந்ததும், இத்தனை வருஷம் கோப்புகளுக்கு அடியில் புழுங்கிக் கிடந்த ஆங்கிலம் மடை உடைத்துக்கொண்டு வந்தது. நல்ல மனிதனை நம்பி ஒரு கருவி செய்யக் கூடாது என்றான். கெட்ட மனிதனை நினைத்துத்தான் செய்யவேண்டும் என்றான். தண்ணீர் மறிக்கிறவன் அந்நியன் அல்ல, எப்போதும் பக்கத்துக் காணிக்காரன்தான் என்றான். அவன் எப்படி யோசிப்பான், எத்தனை மணிக்கு வருவான், எந்த இடத்தில் மறிப்பான், ஏன் மறிப்பான் என்று ஒன்றுவிடாமல் விளக்கினான். எவ்வளவு உள்ளே போய் ஆராய்ந்திருக்கிறார் என்று அந்தப் பெண் வியந்துபோனார்.

"எல்லோரும் வெற்றியைக் காட்டத்தான் வருவார்கள்," என்றார். "தொல்லையைத் தயார் செய்துகொண்டு வந்தவர்கள் நீங்கள்தான். இவரும் பங்காளியா?"

றிஸ்கான் ஸஜாதைப் பார்த்தான்.

"இன்னும் இல்ல, மேடம்," என்றான் ஸஜாத்.

அழைப்பு முடிந்தது. பெண்கள் றிஸ்கானைச் சுற்றிக்கொண்டார்கள். ஸகியா அவனை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "அல்ஹம்துலில்லாஹ், எங்களுக்கும் ஒரு சொல் செல்லாம ரெண்டு மருமக்களும் சேந்து செஞ்சிரிக்கீங்க," என்று மாமி கண்ணைத் துடைத்தார். போடியார் மட்டும் எழுந்து போகும்போது றிஸ்கானின் தோளில் கை வைத்தார்.

"சேத்துப் பைகளுக்கு இடையில புல்லுக்கட்டி வெச்சு மிதிக்கோணும், மருமகன். ஒங்கட கட்டு விடியுமட்டும் நிக்காது."

றிஸ்கானுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஸஜாத் கத்தியிருக்கலாம், மாமிக்கு முன்னால் காட்டிக் கொடுத்திருக்கலாம். இவன் காப்பாற்றிவிட்டான். டைல்ஸ், வெந்நீர், கம்பனி, மீன்தலை எல்லாம் போதாதென்று நல்ல குணமும் அவனுக்கே போய்விட்டது.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு கிணற்றடியில் ஸஜாத் வந்து நின்றான்.

"மச்சான், அவங்க எழுதியிரிக்காங்க. ஒங்களயும் பங்காளியாப் போட்டா நல்லமாம். புதன்கிழமைக்குள்ள பேர் குடுக்கோணும்."

றிஸ்கானின் கையில் வாளி நின்றது. "இவ்வளவு நாளும் ஏன் கேக்கல்ல?"

"எப்பிடிக் கேக்கிற? காணுற நேரமெல்லாம் நீங்க கனடாவ ஏசுறீங்க. ஒங்களுக்கு விருப்பமில்ல எண்டுதான் நினைச்சன்."

ஓம் என்ற சொல் றிஸ்கானின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது பார்த்து அவனுக்கு ஒரு கேள்வி எழும்பியது.

"எத்தின வீதம்?"

"பத்து."

"மிச்சம்?"

"மிச்சம் என்ட பேர்ல, மச்சான்."

தொண்ணூறு. சின்ன மருமகனுக்குத் தொண்ணூறு, மூத்த மருமகனுக்குப் பத்து. விதிப்படி அதற்குக் கீழே போட முடியாது என்பதால் போட்ட பத்து. அதுவும் வால்துண்டு. வதிவிடத்தில் பத்து வீதம், தொண்ணூறு வீதம் என்று கிடையாது, கிடைத்தால் இரண்டு பேருக்கும் முழுசாகத்தான் கிடைக்கும் என்ற விதியையும் அவன் படித்திருந்தான். ஆனால் மனம் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

"யோசிச்சுச் செல்றன்," என்றான்.

ஸஜாத் இன்னொரு தரம் வந்து கேட்பான், இருபது முப்பது என்று ஏற்றுவான் என்று காத்திருந்தான். வெள்ளி போனது, திங்கள் போனது. நேர்முகத்தன்று அவ்வளவு பெரிய உதவி செய்த மச்சானைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்று ஸஜாத் வாய் திறக்கவில்லை. புதன்கிழமை பின்னேரம் இருவரும் மதிலின் இரண்டு பக்கமும் நின்று மரியாதையாகச் சிரித்துக்கொண்டார்கள். ஆதரவுக் கடிதம் ஸஜாதின் ஒரு பெயரோடு மட்டும் வந்தது. தன்னையும் கேட்டார்கள் என்பதை றிஸ்கான் ஸகியாவிடம் சொல்லவில்லை. வளவுக்குள் யாரிடமும் சொல்லவில்லை. அதையும் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

ஸஜாத் ஆங்கிலப் பரீட்சையை இரண்டு தரம் எழுதினான். விண்ணப்பம் போனது. வதிவிடத்துக்கு வரிசை நீளம், முதலில் வேலை அனுமதி வந்தது. அடுத்த வருஷம் பங்குனியில் வேன் பிடித்து எல்லோரும் கட்டுநாயக்காவுக்குப் போனார்கள். பஹ்மிதா பிறகு வருவதாக ஏற்பாடு. பெட்டியைத் தள்ளியது றிஸ்கான்தான்.

"மச்சான், தடியெல்லாம் ஒங்கட பொறுப்பு," என்று ஸஜாத் கட்டிப்பிடித்தான். "அறிவித்தலுக்கு ஒங்கட நம்பரத்தான் முதலாவதாப் போட்டிரிக்கன்."

அந்தச் சிறுபோகத்தின் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து, சோற்றின் நடுவில் பள்ளம் செய்யாமலே றிஸ்கான் அமர்ந்தான். அகப்பை வந்தது. கொடுவாத் தலை, முழுத்தலை, அவனுடைய கோப்பையில் இறங்கியது. அவன் விரல் வைக்குமுன் மாமி போனைத் தூக்கிக் கோப்பைக்கு மேலே பிடித்தார்.

"பாருங்க ஸஜாத்! இஞ்ச இரிந்திரிந்தா இது ஒங்களுக்கு."

திரையில் ஸஜாத். அங்கே விடியற்புறம் நாலு மணி. வக்கடை கம்பனியின் முதலாளி ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் இரவு வேலை முடித்து வந்து, குசினியில் அடுப்போரம் நின்றபடி நூடில்ஸ் தின்றுகொண்டிருந்தான். இன்னும் வதிவிடம் வரவில்லை, வரிசையில் நிற்கிறது என்றான்.

"மச்சான், தலயக் கொஞ்சம் கிட்டக் காட்டுங்களே."

றிஸ்கான் காட்டினான். ஸஜாத் எச்சில் விழுங்கினான். அந்த விழுங்கலை றிஸ்கானுக்கு நன்றாகத் தெரியும். அவன் மெதுவாகச் செவுளைப் பிரித்தான், கன்னத்துச் சதையை எடுத்துக் கமராவுக்கு ஒரு தரம் காட்டிவிட்டு வாயில் வைத்தான். நெடுநாளைக்குப் பிறகு சோறு ருசித்தது.

"குடுத்து வெச்ச மனிசன் நீங்க," என்றான் ஸஜாத். "அண்டைக்குக் கிணத்தடியில நீங்க மட்டும் ஓம் எண்டிருந்தா, இப்ப ரெண்டு பேரும் இஞ்ச…"

ஸகியாவின் அகப்பை நின்றது. "எண்டைக்கு? என்னத்துக்கு ஓம்?"

"கண்ணத் தோண்டட்டா, ஸஜாத்?" என்று றிஸ்கான் அவசரமாக மீனின் கண்ணைக் கமராவில் முட்டக் கொண்டுபோனான்.

"என்னத்துக்கு ஓம் எண்டு கேட்டன்," என்றாள் ஸகியா.

அவனைக் காப்பாற்றியது அவனுடைய சட்டைப் பைதான். போன் கத்தியது. இரண்டாம் தடியில் தண்ணீர் ஏறுகிறது, மூன்றாம் தடிக்கு வரவில்லை. காணி: றிஸ்கான்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். போடியார் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "இந்த முறை நீங்க இஞ்சதானே இரிக்கீங்க, மருமகன். போய்ப் பாருங்க."

றிஸ்கான் எழுந்தான். மாமி மீன்தலையை ஒரு தட்டால் மூடிவைத்தார். ஸகியா வாசல்வரை அவன் பின்னால் வந்தாள், கேள்வியையும் விடாமல் கொண்டு வந்தாள். மண்வெட்டியைத் தேடிக்கொண்டு திரும்பியபோது மேசையில் சாத்தி வைத்த போன் கண்ணில் பட்டது. ஸஜாத் இன்னும் மூடிய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் குசினிக் குழாய் திறந்தபடி கிடந்தது. முறையுமில்லை, வட்டவிதானையுமில்லை, மறிக்க ஆளுமில்லை. தண்ணீர் தன்பாட்டில் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. றிஸ்கான் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான்.

"ஸஜாத்," என்றான். "அந்தப் பைப்பப் பூட்டு."